பள்ளி மாற்றும் முன் மாதிரி பார்த்தோமா?

மாசி, பங்குனி பிறந்துவிட்டால் நம் பஜாரில் இரண்டு பேச்சுகள்தான். புதுப்புளியும் புது வற்றலும் என்ன விலைக்கு வருகின்றன என்பது ஒன்று. வருகிற ஜூனில் பிள்ளையை எந்தப் பள்ளிக்கு மாற்றலாம் என்பது மற்றொன்று. முதல் கேள்விக்குப் பத்துக் கடை ஏறி இறங்குகிறோம். புளியை விரலால் அமுக்கிப் பார்க்கிறோம். வற்றலை உலுக்கி, காம்பைக் கிள்ளிப் பார்க்கிறோம். இரண்டாவது கேள்விக்கோ, அடுத்த கடை அண்ணாச்சி எங்கே சேர்த்தார் என்று விசாரித்து, மறுநாளே முன்பணம் கட்டிவிடுகிறோம். மூட்டைக்குக் காட்டும் அக்கறையைப் பிள்ளைக்குக் காட்டவில்லை என்று சொன்னால் வணிகப் பெருமக்கள் கோபிக்கக் கூடாது. நானும் அதே தவற்றைச் செய்தவன்தான்.

என் மூத்த மகன் வீட்டுக்குப் பக்கத்திலுள்ள மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை நடந்தே போய் வந்தான். நடுத்தரமாகப் படிப்பான். மாலையில் கடைக்கு வந்து பொட்டலம் மடிப்பான். 2016-இல் அவனை வேனில் ஒரு மணி நேரம் போகவேண்டிய பெரிய பள்ளி ஒன்றில் ஒன்பதாம் வகுப்பில் சேர்த்தேன். காரணம் என்ன? பஜாரில் என்னைப் போன்ற நாலு பேர் அங்கே சேர்த்திருந்தார்கள், அவ்வளவுதான். புளி கொள்முதலுக்கு வைத்திருந்த பணத்தை எடுத்துக் கட்டணம் கட்டினேன்.

போன முதல் மாதத்திலேயே தெரிந்தது, அங்கே ஒன்பதாம் வகுப்பிலேயே பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிட்டார்கள் என்பது. ஒன்பதாம் பாடத்தின் அடிப்படை இல்லாமலே பையன் அதைக் கட்டி இழுத்தான். காலை ஆறரைக்கு வேன். இரவு ஏழரைக்கு வீடு. கடைப்பக்கம் வருவது நின்றது, பேச்சும் குறைந்தது. ஒருநாள் இரவு கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, “அப்பா, நான் பழைய ஸ்கூலுக்கே போயிடட்டுமா?” என்று கேட்டான். பணம் கட்டியாயிற்றே என்று நான் அதட்டினேன். அந்த அதட்டலுக்காக இன்றும் வருந்துகிறேன். பத்தாம் தேர்வில் தேறிவிட்டான். ஆனால் கணக்குப் பாடம் என்றால் அவனுக்கு உண்டான பயம் இன்னும் போகவில்லை. வியாபாரி மகனுக்குக் கணக்கு என்றால் பயம்! புளியையும் அந்த ஆண்டு ஆவணிக்கு மேல் விலை ஏறிய பிறகே சில்லறை சில்லறையாக வாங்கினேன்.

இதனால் பள்ளி மாற்றுவதே தவறு என்று நான் சொல்லவில்லை. காரணமும் காலமும் சரியாக இருக்க வேண்டும் என்றே சொல்கிறேன்.

முதலில் காரணம். ஆண்டுக்கு ஆண்டு ஆசிரியர்கள் விலகிப்போகும் பள்ளி, பிள்ளையை அடிக்கும் பள்ளி, ஐந்தாம் வகுப்பாகியும் ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசிக்க வைக்காத பள்ளி. இவற்றிலிருந்து தாராளமாக மாற்றலாம். அடி, அவமானம் என்றால் ஆண்டு முடியும் வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பெரிய கட்டடம், கழுத்துப்பட்டை, நகர் முழுதும் விளம்பரத் தட்டி, உறவுக்காரர்களிடம் பெருமை. இவை காரணங்களே அல்ல.

“அங்கே பாடத்திட்டம் உசத்தி” என்பார்கள். சமச்சீர் கல்விச் சட்டம் 2010-இல் வந்து, 2011-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் முழுமையாக நடைமுறைக்கு வந்தது முதல், பத்தாம் வகுப்பு வரை மெட்ரிக் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் பொதுப் பாடத்திட்டம்தான். ஒரு மெட்ரிக் பள்ளியிலிருந்து இன்னொரு மெட்ரிக் பள்ளிக்கு மாற்றுவோர், ஒரே சரக்கை வேறு பையில் வாங்குகிறோமா என்று யோசிக்கட்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிக்கு மாற்றினால்தான் பாடத்திட்டம் மாறும்.

அடுத்து காலம். ஐந்தாம் வகுப்பு முடியும் தறுவாயே நல்ல தருணம். ஆறாம் வகுப்பில் பாடங்கள் விரிந்து புதிதாகத் தொடங்குகின்றன. பிள்ளை ஊன்றிக்கொள்ள நாலு ஆண்டு கிடைக்கிறது. எட்டுக்குப் பிறகு மாற்றுவது, வேர் பிடித்த கன்றைக் காய்க்கும் பருவத்தில் பிடுங்கி நடுவது போலத்தான்.

ஆறாம் வகுப்பு முக்கியம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2020-இல் தமிழக அரசு கொண்டுவந்த சட்டப்படி, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்து நீட் தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2021-இல் இது பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. தனியார் பள்ளி என்றாலே ஆயிரங்கள் கட்டும் நாம், ஊரிலுள்ள நல்ல அரசுப் பள்ளியையும் ஐந்தாம் வகுப்பு முடிவில் ஒருமுறை போய்ப் பார்த்து வருவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த இடம் தொடக்க வகுப்பில்தான் கிடைக்கும். நடுவில் வேறு தனியார் பள்ளிக்கு மாற்றினால் அங்கே நம் கைப்பணம்தான்.

மூன்றாவது பணம். சொல்லும் கட்டணத்தை மட்டும் பார்க்காதீர்கள். வேன், சீருடை, புத்தகம், டியூசன், ஆண்டுதோறும் ஏறும் தொகை என்று பத்தாம் வகுப்பு வரை கூட்டிப் பேரேட்டில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். கட்டணம் கட்டும் மாதமும் சரக்குக் கட்டும் பருவமும் நமக்கு ஒன்றாகவே வருகின்றன. முதலில் கை வைத்தால் கடை இளைக்கும். கடை இளைத்தால் எட்டாம் வகுப்பில் கட்டணம் கட்ட வழியின்றி மறுபடி பள்ளி மாற்ற நேரும். அது பிள்ளைக்கு இரட்டை அடி. லாபத்திலிருந்து கட்ட முடிகிற பள்ளியே நமக்கு ஏற்ற பள்ளி.

தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் சட்டம் வந்து, குழு அமைத்துப் பள்ளிவாரியாகத் தொகை நிர்ணயிக்கிறார்கள். நிர்ணயித்த தொகை என்ன என்று கேளுங்கள். ரசீது கேளுங்கள். பில் இல்லாமல் ஒரு மூட்டை சீனி இறக்கினாலே ஜி.எஸ்.டி.க்குப் பயப்படும் நாம், பள்ளியில் மட்டும் துண்டுச்சீட்டை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பலாமா?

பழைய பள்ளியில் பாக்கி இருப்பதால் டி.சி. தர மறுக்கிறார்கள் என்ற புகாரும் வருகிறது. கட்டண வசூலுக்கு டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்காகப் பாக்கியை அப்படியே விட்டுவிட்டுப் போகலாம் என்று பொருளல்ல. நம் நோட்டில் பாக்கி வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போகும் வாடிக்கையாளரை நாம் என்ன சொல்வோம்? அதே மரியாதையை நாமும் காப்போம்.

கடைசியாக, மாதிரி பார்க்கும் முறை. அந்தப் பள்ளியில் படிக்கும் சுமாரான பிள்ளை ஒன்றின் நோட்டை வாங்கிப் புரட்டுங்கள். ஆசிரியர் திருத்தியிருக்கிறாரா, வெறும் கையெழுத்துதானா என்று தெரியும். “நூறு சதவீதத் தேர்ச்சி” என்றால், ஒன்பதாம் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள், பத்தாம் தேர்வு எழுதியவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். சுமாரான பிள்ளைகளை ஒன்பதிலேயே வெளியே அனுப்பிவிட்டுச் சதவீதம் காட்டும் பள்ளிகளும் உண்டு. சலித்துக் கழித்த பருப்பை மட்டும் மாதிரித் தட்டில் வைப்பது போன்ற வேலை அது. பள்ளியின் அங்கீகாரம் நடப்பில் உள்ளதா என்பதையும் விசாரியுங்கள்.

இவ்வளவும் பார்த்தபின் பிள்ளையிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். மகன் விஷயத்தில் நான் கேட்கத் தவறியதை இளைய மகள் விஷயத்தில் கேட்டேன். ஐந்தாம் வகுப்பு முடிவில் மூன்று பள்ளிகளைச் சுற்றிக் காட்டினேன். நடந்து போகும் தூரத்திலுள்ள பள்ளியை அவளே தேர்ந்தாள். இன்று கணக்கில் அவள் என்னைத் திருத்துகிறாள்.

விருதுநகர் வணிகர்கள் மகமைப் பணத்தில் நடத்திய சத்திரிய வித்தியாசாலையில்தான் காமராசர் படித்தார். பள்ளியே கட்டி நடத்திய வணிக சமுதாயம் நாம். நல்ல பள்ளியைத் தேர்ந்தெடுக்கவா நமக்குத் தெரியாது? சரக்கு கெட்டால் அடுத்த பருவத்தில் ஈடு செய்யலாம். பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு மறுபடி வராது.