பாகத்தை மாற்றுமுன் புகையைப் பாருங்கள்

அண்மையில் ஒரு செய்தியின் பொருட்டு மன்னார்த் தீவிலுள்ள ஓலைத்தொடுவாய்க்குச் செல்ல நேர்ந்தது. நண்பர் ஒருவரின் வானில் சென்றோம். 1990களில் யப்பானில் தயாரிக்கப்பட்ட டர்போ டீசல் வான் அது. மெதுவாகச் செல்லும்போது எந்தக் குறையும் தெரியவில்லை. ஆனால், முன்னே செல்லும் பேருந்தை முந்துவதற்காக மிதித்தால் மட்டும் மூச்சு வாங்கும் கிழவனைப்போல் நின்றுவிடும்.

இந்த நோய்க்கு ஏற்கனவே வைத்தியம் நடந்திருந்தது. சில வாரங்களுக்கு முன்னர் ஒரு வாகனத் திருத்தகத்தில் டர்போ பழுதென்று கூறி, அதனைக் கழற்றி, வேறொன்றைப் பூட்டியிருந்தார்கள். நண்பரின் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் அதற்குச் செலவாயிற்று. வான் மாறவில்லை. அடுத்ததாக டீசல் பம்பை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்களாம். அதற்கான பணத்தைத் தேடும் கவலையோடுதான் அவர் வானை ஓட்டிக்கொண்டிருந்தார்.

ஓலைத்தொடுவாயில் படகு எஞ்சின்களைத் திருத்தும் ஒருவர் கரையில் நின்றார். எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு அருகே வந்தவர், ஒரேயொரு கேள்வி கேட்டார்.

"ஐயா, நல்லா மிதிச்சு ஓடேக்க கறுப்புப் புகை வருதோ?"

"இல்லை" என்றார் நண்பர்.

"அப்ப ஏன் டர்போவைக் கழட்டினவை?"

அந்தக் கேள்விக்கு எங்களிடம் விடை இருக்கவில்லை. பணம் வாங்கியவர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டதாகத் தெரியவில்லை.

வாசகர்களுக்காகச் சற்று விளக்கிவிடுகிறேன். மன்னாரின் தென்கரையில், 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலையின் முப்பது சுழலிகளும் கடற்காற்றில் சுழல்பவை. டர்போவும் ஒரு சுழலிதான்; ஆனால் உள்ளங்கைக்குள் அடங்கக்கூடிய சக்கரத்தைக் கொண்டது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்ற, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரம் வெளிக்காற்றை உறிஞ்சி, அமுக்கி, எஞ்சினுக்குள் செலுத்துகிறது. சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905ஆம் ஆண்டிலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார்.

காற்று கூடினால் எரிபொருளும் கூடவேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் வலு பிறக்கும். டீசல் வந்து காற்று போதாவிட்டால் கரும்புகை கக்கும். காற்று வந்து டீசல் போதாவிட்டால் புகை இராது. சோர்வு மட்டுமே இருக்கும். எங்கள் வானின் நோய் இரண்டாவது வகையைச் சேர்ந்தது. ஆகவே அந்த மனிதர் டர்போவைத் தொடவேயில்லை.

முதலில், ஒரு கானில் சுத்தமான டீசலை எடுத்து, வானின் தாங்கியைத் தவிர்த்து, பம்புக்கு நேரடியாகக் குழாய் கொடுத்தார். பம்பின் வாயில் கண்ணாடிபோன்ற ஒரு குழாயைப் பொருத்திக் காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்த்தார். குமிழி இல்லை. அப்படியே கொஞ்சத் தூரம் ஓட்டிப் பார்க்கச் சொன்னார். சோர்வு மாறவில்லை. ஆகவே தாங்கியோ டீசல் வடிகட்டியோ காரணமில்லை என்று ஆயிற்று. அடுத்துக் காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினார். மன்னார் மணல் கொட்டியது, ஆனால் அடைப்பில்லை. பின்னர் டர்போவிலிருந்து எஞ்சினுக்குச் செல்லும் பெரிய றப்பர் குழாயின் மூட்டுகளைத் துணியால் துடைத்துப் பார்த்தார். அங்கே காற்று கசிந்தால் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்குமாம். அதுவும் இல்லை.

கடைசியாக, சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு றப்பர் குழாயைப் பிடித்து வளைத்தார். அது வெடித்திருந்தது.

டர்போ காற்றை அமுக்குகிறது என்ற செய்தியை டீசல் பம்புக்குக் கொண்டுசெல்வது அந்தக் குழாய்தான். பம்பின் தலையிலுள்ள மெல்லிய சவ்வு அந்த அழுத்தத்தை உணர்ந்து கூடுதல் டீசலை அனுமதிக்கும். குழாய் வெடித்ததால் செய்தி போகவில்லை. டர்போ உழைத்தது, பம்புக்கு அது தெரியவில்லை. இரண்டு உறுப்புகளும் நலமாகவே இருந்தன. அவற்றுள் ஒன்றைத் தூக்கியெறிந்துவிட்டு, மற்றதையும் எறிய ஆயத்தமாக இருந்தோம்.

புதுத் துண்டுக் குழாயொன்றைப் பூட்டியதும் வான் பறந்தது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெயிலில் குனிந்து நின்றவரிடம் எவ்வளவு என்று கேட்டோம்.

"குழாய்க்கு இருநூறு ரூபா தாங்கோ ஐயா" என்றார்.

தேடியதற்கு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தேடுவதும் ஒரு வேலை என்று அவருக்கே தோன்றவில்லை. நாங்கள் வற்புறுத்தி மேலும் கொடுத்தபோது கூச்சப்பட்டார். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தக் கூச்சம்தான்.

எரிபொருளோடு போராடிய அறிவு எமக்குப் புதிதல்ல. 1990களின் முற்பகுதியில், பொருளாதாரத் தடைக் காலத்தில், நான் யாழ்ப்பாணத்தில் கலைப்பீட மாணவன். ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஊர்ந்த காலம் அது. மண்ணெண்ணெயில் எஞ்சின் தட்டும். எஞ்சின் ஒயிலிலும் அது கலந்து ஒயிலைத் தண்ணீராக்கிவிடும். மாற்றுவதற்குப் பாகம் கிடைக்காத ஊரில், தட்டும் ஒலியைக் காதால் கேட்டே பழுதைச் சொன்னவர்கள் இருந்தார்கள். பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய்க்கு மாறும் படகு எஞ்சின்களோடு வாழும் கரையோர மக்களிடம் அந்த அறிவு இன்னமும் இருக்கிறது.

இன்று அது முன்னெப்போதையும்விடத் தேவைப்படுகிறது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இடையிலே நாட்டின் வாகனங்கள் யாவும் ஐந்து வயது கூடின. 2022இன் நெருக்கடியில் கிடைத்த டீசலைக் கிடைத்த கானில் சேர்த்து வைத்தோம். நீரும் தூசும் தாங்கிக்குள் போயின. மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயாக இருந்தவரை அதனை டீசலோடு கலந்து ஓட்டியவர்களும் உண்டு. 2022 ஓகஸ்ட்டில் அதன் விலை 340 ரூபாயானபோது அந்த ஆசை அடங்கியது. ஆனால், டீசலின் வழவழப்பையே மசகாக நம்பியிருக்கும் பம்புகள் அதற்குள் தேய்ந்துவிட்டன. ஆகவே பம்பு பழுதாவதே இல்லையென்று நான் வாதிடவில்லை. பழுதென்று நிரூபித்துவிட்டுக் கழற்றுங்கள் என்கிறேன்.

இதில் வாகனத் திருத்தகக்காரரை மட்டும் குறைகூறுவது நேர்மையாகாது. பாகத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தயங்காத நாம், "ஒரு மணித்தியாலம் பார்த்தேன், ஒன்றும் மாற்றத் தேவையில்லை" என்று ஒருவர் சொன்னால், "ஒன்றும் செய்யாததற்குக் காசா?" என்று கேட்கிறோம். சிந்தித்ததற்குக் கூலி இல்லையென்றால், அவர் பாகம் விற்றுத்தானே பிழைக்க வேண்டும்? பொய் சொல்லும்படி அவரைத் தள்ளுவதில் எமக்கும் பங்குண்டு.

ஓலைத்தொடுவாய் போன்ற ஊர்களில் இது வசதிபடைத்தவர்களின் பொழுதுபோக்கல்ல. அங்கே பழைய வான் என்பது மீன் சந்தைக்குப் போகும் வண்டி. நள்ளிரவில் பிரசவ வலி கண்டவளை மன்னார் வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும் வண்டியும் அதுதான். தேவையற்ற டர்போவுக்குக் கொடுத்த பணம், வலைக்கோ பிள்ளையின் படிப்புக்கோ போயிருக்க வேண்டிய பணம்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வாகனம் களைத்தால், "எவ்வளவு முடியும்?" என்று கேட்குமுன் "எப்படித் தெரியும்?" என்று கேளுங்கள். காரணத்தை வரிசையாகச் சொல்பவரிடம் வாகனத்தை ஒப்படையுங்கள். அவர் எதையும் மாற்றாமல் திருத்தித் தந்தாலும், கண்டுபிடித்ததற்கென்று தனியாகக் கூலி கொடுங்கள். அவர் கூச்சப்பட்டாலும் கொடுங்கள்.