வயிறு பெருத்ததெல்லாம் சினையா?

வாயில்லா உயிர்களை வீட்டில் வளர்க்கும் ஆசை இன்று நம் ஊரில் பெருகி வருகிறது. கப்பி, மோலி, தங்கமீன் என்று தொடங்கிய இந்த ஆசை, இப்போது கடல் கடந்து வந்த சாலமண்டர் வரை சென்றுவிட்டது. இதை நாங்கள் குறை கூறவில்லை. சிற்றுயிரிடம் அன்பு காட்டப் பழகியவள் மனிதரிடமும் அன்பு காட்டுவாள். ஆனால் இந்த ஆசையோடு ஒரு தீய வழக்கமும் வளர்ந்து வருகிறது. தொட்டியில் உள்ள உயிரின் வயிறு சற்றே பெருத்தவுடன், “சினையாக இருக்கிறது, குஞ்சு வரப்போகிறது” என்று வீடே மகிழ்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அந்தத் தீர்ப்பு பல வேளைகளில் பிழையானது. அந்தப் பிழை ஓர் உயிரையே பலி வாங்கக்கூடியது என்பது எங்கள் கருத்து.

நாம் கடற்கரை மக்கள். மீனை அறுக்கும் நம் அம்மாமார் அனைவருக்கும் சினை எது, குடல் எது என்று நன்றாகத் தெரியும். ஆனால் அறுத்த பின் அறிவது எளிது; உயிரோடு இருக்கும்போது அறிவதுதான் கடினம். தங்கமீனை எடுத்துக்கொள்வோம். முட்டை நிறைந்தாலும் அதன் வயிறு பெருக்கும். உடலில் நீர் கோத்தாலும் பெருக்கும். நீர் கோத்த மீனை மேலிருந்து பார்த்தால், அதன் செதில்கள் அன்னாசிப் பழத்தின் தோல்போல விறைத்து நிற்கும். சினையென்று நம்பிக் காத்திருந்தால், குஞ்சுக்குப் பதிலாகச் செத்த மீனைத்தான் காண்போம். கப்பியும் மோலியும் குட்டி போடும் இனங்கள். அவற்றில் சினைப்பட்ட பெண் மீனுக்கு அடித்துடுப்பின் அருகே கரிய புள்ளியொன்று படரும். பார்க்கக் கற்றவருக்கு அடையாளம் உண்டு. பாராதவருக்கோ வெறும் வயிறுதான் தெரியும்.

இனி சாலமண்டருக்கு வருவோம். பல்லியின் உருவமும் தவளையின் தோலும் கொண்ட இந்த உயிர் தமிழகத்துக் காடுகளில் இல்லை. நம் நாட்டில் டார்ஜிலிங் போன்ற இமயமலைப் பகுதிகளில் இயற்கையாக வாழ்கிறது. சட்டம் அதைப் பாதுகாக்கிறது. வளர்ப்புக்கென்று விற்கப்படுவது ஆக்சலாட்டல் என்னும் மெக்சிகோ நாட்டு இனம். மெக்சிகோ நகரிலுள்ள சோச்சிமில்கோ நீர்நிலைகளே அதன் தாயகம். தலையின் இருபுறமும் இறகுபோல் விரிந்த செவுள்களோடு, வாழ்நாள் முழுவதும் நீரிலேயே கிடக்கும்.

“எங்கள் ஆக்சலாட்டல் கர்ப்பமாக இருக்கிறதா?” என்று கேட்பவர்கள் முதலில் அறிய வேண்டியது, அது கர்ப்பம் தரிப்பதே இல்லை என்பதுதான். அது முட்டையிடும் இனம். ஏறத்தாழ ஒரு வயதில் பருவமடைந்த பெண்ணின் உடல் முட்டைகளால் நிறைந்து, இருபுறமும் ஒரே சீராக அகன்று காணப்படும். ஆண் அருகில் இல்லாவிட்டாலும் முட்டை நிறையும். ஒரு முறைக்கு நூற்றுக்கணக்கில், சில வேளை ஆயிரத்துக்கு மேலும், நீர்ச்செடிகளில் ஒட்டி வைக்கும். பின்கால்களுக்குப் பின்னே கழிவுத்துளையைச் சுற்றிப் புடைப்பு தெரிந்தால் அது ஆண். அதைப் பெண்ணென்று எண்ணி முட்டைக்குக் காத்திருப்பது வீண்.

உண்மையாகவே கரு சுமக்கும் சாலமண்டர்களும் உலகில் உண்டு. ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் வாழும் கறுப்புச் சாலமண்டர் இரண்டு, மூன்று ஆண்டுகள் கருவைச் சுமந்து, பெரும்பாலும் இரண்டே குட்டிகளை ஈனும். யானையை விட நீண்ட காலம் சுமக்கும் இந்தத் தாய் நம் உள்ளங்கையில் அடங்கிவிடும்! ஆகவே ஓர் இனத்தைப் பற்றி அறிந்ததை இன்னோர் இனத்தின்மேல் ஏற்றிச் சொல்வது தகாது.

ஆக்சலாட்டலின் வயிறு பெருக்க வேறு காரணங்கள் பல உண்டு. கண்ணெதிரே பட்டதையெல்லாம் வாயால் உறிஞ்சும் இயல்பு அதற்கு. தொட்டியில் அழகுக்குப் பரப்பிய கூழாங்கல்லை விழுங்கிவிட்டால் குடல் அடைத்துக்கொள்ளும். உடலில் நீர் கோத்தால் பந்துபோல் வீங்கும். நோயுற்றது இரையை மறுக்கும். அடியில் அமராமல் மேலே மிதக்கும். செவுள் இறகுகள் சுருங்கி முன்னோக்கி வளையும். வால் நுனி கொக்கிபோல் சுருளும். நலமுள்ளது இரையைத் தேடும், செவுள் விரிந்திருக்கும், அடியில் அமைதியாகக் கிடக்கும். வயிற்றை மட்டும் பார்ப்பவர் இவற்றுள் ஒன்றையும் காண்பதில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் ஊரின் வெப்பம் இருக்கிறது. இந்த உயிருக்கு ஏற்ற நீரின் வெப்பநிலை 16 முதல் 18 பாகை செல்சியஸ். 24 பாகையைத் தாண்டினால் நலியத் தொடங்கும். தூத்துக்குடியில் மார்கழியிலும் தொட்டி நீர் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. சித்திரை, வைகாசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நீரைக் குளிர்விக்கும் கருவிக்கு வசதியில்லாதவர் அதை வாங்காதிருப்பதே அன்பு என்று உறுதியாகச் சொல்வோம்.

அயல்நாட்டு உயிரை விடுத்து நம் சொந்தக் கடலைப் பார்ப்போம். மன்னார் வளைகுடாவின் கடற்புல் மேடுகளில் கடல் குதிரை வாழ்கிறது. அதன் வயிறு பெருத்திருந்தால், “பாவம், தாய்!” என்போம். ஆனால் அது தாயன்று, தந்தை! பெண் இடும் முட்டைகளை ஆண் தன் வயிற்றுப் பையில் ஏற்று, சில வாரங்கள் சுமந்து, நூற்றுக்கணக்கான குஞ்சுகளை ஈனுகிறது. அதிலும் ஒரு சிக்கல் உண்டு. தொட்டியில் அடைபட்ட ஆணின் பையில் சில வேளை காற்று சேர்ந்து வீங்கும். காண்பவர் சினை என்பார். உண்மையில் அது நோய். உலர்த்தி அயல்நாடுகளுக்கு விற்றதால் அருகிவந்த இந்த உயிரை 2001-இல் அரசு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். வலையில் தப்பித் தவறிச் சிக்கினால் உயிரோடு கடலில் விடுவதே முறை.

பொறுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் பழக்கம் நம் ஊருக்குப் புதிதன்று. 1961-இல் இங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. அந்நாள்களில் பாரை முதலில் பார்வையிட்டு, மாதிரிச் சிப்பிகளை எடுத்து, வளர்ச்சியையும் முத்தின் மதிப்பையும் அறிந்த பின்னரே குளிப்புக்கு நாள் குறித்தனர். 1973-இல் தூத்துக்குடியையடுத்த வேப்பலோடையில் டாக்டர் கே. அழகர்சாமியும் அவர் குழுவினரும் சிப்பியில் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். அந்த வேலையிலும் சிப்பியின் சினை நிலையைப் பார்ப்பது முதற்படி. சினை நிறைந்த சிப்பியில் முத்துக் கருவை வைத்தால் நிலைக்காது. ஆகவே அதை ஒதுக்கிவிடுவார்கள். கத்தியை எடுக்குமுன் கண்ணைப் பயன்படுத்தினார்கள். பேசாத சிப்பிக்கே இவ்வளவு ஆராய்ச்சி என்றால், நம்மை நம்பித் தொட்டியில் வாழும் உயிருக்கு எவ்வளவு வேண்டும்?

அன்புத் தோழியரே! வீட்டில் உயிர் வளர்ப்பவர்கள் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். இன்று தின்றதா, எப்படி நீந்தியது, நீரின் வெப்பம் என்ன, எப்போது நீர் மாற்றினோம் என்று நாள்தோறும் இரண்டு வரி எழுதினால் போதும். வாரம் ஒருமுறை மேலிருந்து ஒரு படம் எடுத்து ஒப்பிடுங்கள். வயிற்றைக் கையால் அமுக்கிப் பார்க்காதீர்கள். குழாய் நீரைக் குளோரின் நீக்காமல் ஊற்றாதீர்கள். ஐயம் வந்தால் அக்கம்பக்கத்தாரைக் கேட்பதோடு நில்லாமல் கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். சலிப்புத் தட்டினால் குளத்திலோ தாமிரபரணியிலோ விட்டுவிடாதீர்கள். அது இரு பக்கத்துக்கும் கேடு.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிறந்தநாள் பரிசாக உயிரை வாங்குமுன் அதன் தேவைகளைக் கேட்டறியுங்கள். ஆக்சலாட்டல் போன்று பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிர்களை வைத்திருப்போர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022-இல் சட்டம் திருத்தப்பட்டு, 2024-இல் விதிகளும் வந்துள்ளன. பொம்மைக்கு இப்படிச் சட்டம் இல்லை, உயிருக்கு உண்டு.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பது நம் முன்னோர் மொழி. வாயுள்ளவர் தம் வழக்கைத் தாமே எடுத்துரைப்பர். வாயில்லா உயிருக்கு நம் பொறுமையான பார்வையே வழக்கறிஞர். அந்தப் பார்வையைப் பள்ளிப் பருவத்திலேயே பழகுவோம்.