தட்டின் அடியில் எழுத வேண்டியது

மெலமைன் என்றதும் பலருக்கு நினைவு வருவது 2008இல் சீனாவில் நடந்த பால்பவுடர் கொடுமை. தண்ணீர் கலந்த பாலில் புரதம் குறைந்தது தெரியாமலிருக்க மெலமைன் தூளைக் கலந்தார்கள். புரதச் சோதனை அளப்பது நைட்ரஜனை. மெலமைனின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன்தான். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள், 6 பேர் இறந்தார்கள். அந்தப் பயத்தை அப்படியே ஓட்டலில் வைக்கும் மெலமைன் தட்டின் மேல் ஏற்றுவது நியாயமில்லை. அங்கே வயிற்றுக்குள் போனது தூள். தட்டில் இருப்பதோ, அந்தத் தூள் ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து இறுகிய பிசின். அதற்காகத் தட்டுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடவும் முடியாது. எவ்வளவு சூட்டை அது தாங்கும் என்று சொல்லாமலே விற்கிறார்களே, தவறு அங்கேதான் இருக்கிறது.

சூட்டுக்கு எல்லை சொல்ல வேண்டியதன் காரணம் மெலமைனின் வேதியியலிலேயே இருக்கிறது. கார்பனும் நைட்ரஜனும் மாறி மாறி அமைந்த வளையம் ஒன்று, அதன் வெளிப்புறத்தில் மூன்று அமினோ தொகுதிகள்: இதுதான் மெலமைன். ஒவ்வொரு தொகுதியும் இரண்டு ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் வரை பிடித்துக்கொள்ளும். சூடாக்கி அழுத்தினால் நீர் வெளியேறி, வளையங்கள் எல்லாப் பக்கமும் பின்னிக்கொள்கின்றன. இறுகிய பிறகு மறுபடி உருகாது. மேசையில் ஒட்டும் சன்மைக்காவிலும் இதே பிசின்தான்: அடியில் ஃபீனாலிக் பிசினில் ஊறிய பழுப்புக் காகித அடுக்குகள், மேலே மெலமைன் பிசினில் ஊறிய டிசைன் தாள். கீறலும் கறையும் எளிதில் பிடிக்காத அந்த வழவழப்பு இதன் கொடை. ஆனால் நீரை வெளியேற்றிப் பிணைந்த அதே கட்டு, சூடான நீரும் அமிலமும் சேர்ந்து தாக்கினால் சிறிது சிறிதாக அவிழும். மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் உணவில் கசியும். ஐரோப்பாவில் இத்தகைய பாத்திரங்களில் 3 சதவீத அசெட்டிக் அமிலத்தை ஊற்றி, 70 டிகிரி செல்சியஸில் 2 மணி நேரம் வைத்துச் சோதிப்பது வழக்கம். ஒரு கிலோ உணவுக்கு 2.5 மில்லிகிராம் மெலமைனுக்கு மேல் கசியக் கூடாது என்பது அங்கே விதி. புளி கரைத்து, அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு ஊற்றும் ரசம் அந்த 70 டிகிரியையும் தாண்டிய சூட்டில்தான் வருகிறது. கம்பி நாரால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பு போய், நடுவில் மஞ்சள் கறை ஏறிய பழைய தட்டுகளை எந்த ஓட்டலிலும் பார்க்கலாம். மேல்தோல் தேய்ந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

கசிவது அற்பம், இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் இருக்கிறது. தைவானில் 12 பேரை வைத்துச் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், மெலமைன் கிண்ணத்தில் சூடான நூடுல்ஸ் சூப் சாப்பிட்டவர்களின் சிறுநீரில் 12 மணி நேரத்தில் வெளியேறிய மெலமைன் சராசரியாக 8.35 மைக்ரோகிராம், பீங்கான் கிண்ணத்தில் சாப்பிட்டபோது 1.31. உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவுப்படி 60 கிலோ எடையுள்ளவர் ஒரு நாளில் 12 மில்லிகிராம் வரை தாங்கலாம். ஆயிரம் மடங்குக்கு மேல் இடைவெளி. ஆனாலும் பிராண்டுக்குப் பிராண்டு கசிவு மாறும் என்று அந்த ஆய்வாளர்களே சொல்லியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, மலிவான யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினில் செய்து, மேலே மெல்லிய மெலமைன் பூச்சு மட்டும் கொடுத்து, மெலமைன் என்றே விற்கப்படும் பாத்திரங்களும் உண்டு. யூரியா பிசின் சூட்டில் இன்னும் எளிதாக ஃபார்மால்டிஹைடை விடும். கடையில் கையில் எடுத்துப் பார்த்து எந்தக் கில்லாடியாலும் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

ஆகவே என்ன பிசின், எத்தனை டிகிரி வரை, மைக்ரோவேவில் வைக்கலாமா என்ற மூன்றையும் தட்டின் அடியில் தமிழிலும் பொறிப்பது கட்டாயமாக வேண்டும். செலவு கூடும் என்ற வாதம் நிற்காது; அச்சில் ஒருமுறை செதுக்கினால் அதில் வார்க்கும் தட்டுகளிலெல்லாம் எழுத்து தானாக விழும். தடை செய்யச் சொல்லவில்லை. ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனமும் 70 டிகிரிக்குக் கீழே இந்தப் பிசின் பாத்திரங்களால் கவலையில்லை என்கிறது; சமைக்கவும் மைக்ரோவேவில் வைக்கவும் மட்டும் கூடாது என்கிறது. இட்லி, தோசை, பஜ்ஜிக்கு உடையாத இந்த லேசான தட்டே போதும். ரசம், சூப், காபி மூன்றையும் எவர்சில்வருக்கு மாற்ற ஓட்டல்காரருக்கு ஆகும் செலவு சில டஜன் கிண்ணங்களும் டம்ளர்களும்தான்.