கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? 'ஃபார்மட்' கடைசி வைத்தியமாக இருக்கட்டும்!

"ஹார்டு டிஸ்க் போயிருச்சு சார். புதுசு போட்டு விண்டோஸ் ஏத்திடலாம். பழைய டேட்டா எல்லாம் வராது."

சர்வீஸ் கடையில் இப்படிச் சொன்னதும் பெரியப்பா ஆடிப்போய்விட்டார். ஓய்வுபெற்ற ஆசிரியர் அவர். நான்கு ஆண்டுகளாக எங்கள் குடும்பக் கதையை அந்த டெஸ்க்டாப்பில்தான் தட்டச்சு செய்து வந்தார். வேறு எங்கும் நகல் இல்லை. "இப்போதைக்கு எதுவும் பண்ண வேண்டாம்" என்று சொல்லி, சிபியூவை வீட்டுக்கே தூக்கி வந்துவிட்டோம்.

வீட்டில் பயாஸ் திரையைத் திறந்து பார்த்தால், தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருந்தது. விஷயம் புரிந்துவிட்டது. மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் 'சிஆர்2032' என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருந்தது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேதியையும் பயாஸ் அமைப்புகளையும் காப்பாற்றி வைப்பது அதுதான். அது தீர்ந்ததால், விண்டோஸை எந்த டிஸ்க்கிலிருந்து எப்படித் தொடங்குவது என்பதையே கம்ப்யூட்டர் மறந்துவிட்டது. பேட்டரியை மாற்றி, பூட் அமைப்பைச் சரிசெய்தோம். விண்டோஸ் வந்தது, குடும்பக் கதையும் பத்திரமாக இருந்தது. செலவு ஐம்பது ரூபாய்கூட இல்லை.

கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலே 'ஃபார்மட் போட்டுடலாம்' என்பது நம்மிடம் முதல் வைத்தியமாகிவிட்டது. காய்ச்சல் என்று வந்தவரிடம் எத்தனை நாளாக என்றுகூடக் கேட்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறிப்பதைப் போன்றது இது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: எந்த இடத்தில் நிற்கிறது?

உயிரே வரவில்லை என்றால்...

விளக்கு, ஃபேன் எதுவுமே இயங்கவில்லையா? கோளாறு பெரும்பாலும் மின்சாரம் வரும் வழியில்தான். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து, நேரடியாகச் சுவர் பிளக்கில் மாட்டிப் பாருங்கள். பவர் கேபிளை மாற்றிப் பாருங்கள். சிபியூவின் பின்பக்கம் உள்ள சிறிய சுவிட்சையும் கவனியுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் நீங்களே பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஃபேன் சுற்றுகிறது, திரை இருட்டு என்றால்...

மானிட்டர் கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருந்தால், கேபிள் அதில்தான் இருக்க வேண்டும். 'பீப் பீப்' என்று சத்தம் வந்தால் ரேம் மீது சந்தேகப்படலாம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை உலர்ந்த துணியால் மெதுவாகத் துடைத்து, 'கிளிக்' சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

டிஸ்க் இல்லை என்று சொன்னால்...

முதலில் சொருகியிருக்கும் பென்டிரைவை எடுத்துவிடுங்கள். பயாஸில் தேதி சரியா, டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சாட்டா கேபிள் லூஸாக இருக்கலாம். ஆனால் ஹார்டு டிஸ்க்கில் 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் உடனே நிறுத்திவிடுங்கள். திரும்பத் திரும்ப ஆன் செய்தால் பாதிப்பு கூடும். அது டேட்டா மீட்பவர்கள் பார்க்க வேண்டிய வேலை.

விண்டோஸ் பாதியில் நின்றால்...

தொடர்ந்து சில முறை தொடங்க முடியாமல் போனால், விண்டோஸ் தானாகவே பழுது பார்க்கும் திரைக்குப் போகும். ஸ்டார்ட்அப் ரிப்பேர், கடைசியாக வந்த அப்டேட்டை நீக்குவது, சிஸ்டம் ரீஸ்டோர், சேஃப் மோடு என நான்கு வழிகள் அங்கே உண்டு. நான்கும் கைவிட்டால்கூட, டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் இணைத்தோ, பென்டிரைவிலிருந்து லினக்ஸைத் தொடங்கியோ ஃபைல்களை நகலெடுத்துவிட முடியும். ஃபார்மட் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. விண்டோஸ் ஏற்றக் கேட்ட காசை மறுபேச்சின்றிக் கொடுக்கிறோம். "ஒரு மணி நேரம் பார்த்தேன், கேபிள்தான் லூஸ்" என்று உண்மையைச் சொல்பவரிடம், "இதுக்குப் போய் காசா?" என்கிறோம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி கிடைக்காதபோது, அவர் சீக்கிரம் முடியும் வேலையைத்தான் செய்வார். தேடிப் பார்ப்பதும் வேலைதான். அதற்கும் காசு கொடுக்கப் பழகுவோம்.

கூடவே, கம்ப்யூட்டரைக் கடையில் விடும்போது, "என்கிட்ட கேட்காம ஃபார்மட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். முடிந்தால் சீட்டிலும் எழுதி வாங்குங்கள். அதைவிட நல்லது, கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும் இன்றைக்கே ஒரு நகல் எடுத்து வைப்பது.

பெரியப்பா இப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பென்டிரைவில் நகலெடுத்து பீரோவில் வைக்கிறார். கதை இன்னும் என் கொள்ளுத்தாத்தா காலத்தையே தாண்டவில்லை.