முடி சூடிய சிப்பாய்

சென்ற மாதம் நம் பங்கு இளைஞர்கள் பழைய ஆங்கிலத் திரைப்படம் ஒன்றைத் திரையிட்டனர். கிப்ளிங் 1888-இல் எழுதிய கதையைத் தழுவி, 1975-இல் ஜான் ஹூஸ்டன் இயக்கிய 'தி மேன் ஹூ வுட் பி கிங்'. பட்டாளத்தை விட்டு விலகிய இரு ஆங்கிலேயர், மதுவையும் மாதரையும் தொடுவதில்லை என ஒப்பந்தம் எழுதிக்கொண்டு, அரசும் பொருளும் தேடிக் காபிரிஸ்தானம் செல்கின்றனர். அம்பு தோல்வாரில் தைத்து நின்றதால் டிராவட்டின் உடலில் இரத்தம் வரவில்லை. மக்கள் அவனைத் தேவனாக்கிவிட்டனர். மணப்பெண் கடித்தபோது இரத்தம் கசிந்தது. தேவத்துவமும் முடிந்தது.

இளைஞர்கள் ஷான் கானரியின் வீரத்தையே வியந்தனர். ஓர் ஆசிரியருக்கு, கும்பினியின் சிப்பாயாயிருந்து மதுரையைத் தனக்கென ஆளமுயன்று 1764-இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கான் நினைவு வந்ததாம். பீங்கான் சூளைத் தொழிலாளர் ஒருவரோ, "மெருகு பெயர்ந்தால் உள்ளே மண்தானே, சாமி!" என்றார். விருத்தாசலத்தார் வேறெப்படிச் சொல்வார்!

எனக்கு லீஸ்திரா நகரம் நினைவுக்கு வந்தது. தங்களைத் தேவர்களென்று எண்ணிப் பலியிட வந்தோர்முன் புனித சின்னப்பரும் பர்னபாவும் ஆடையைக் கிழித்துக்கொண்டு, தாங்களும் மனிதரே என்று கதறினர். அதே ஊரில்தான் சின்னப்பர் கல்லெறியுண்டார். டிராவட்டோ முடி சூடிக்கொண்டான்.

கடைசி வரிசையில் ஒரு தாய். "தோழன் அவன் தலையையாவது எடுத்து வந்தானே, சாமி" என்றார். ஈராண்டு ஒப்பந்தத்தில் வளைகுடா சென்ற அவர் மகனிடமிருந்து எட்டு மாதங்களாகத் தொலைபேசி இல்லை. வரும் திங்கட்கிழமை மனுவோடு அவரைக் கடலூர் ஆட்சியர் அலுவலகத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.