மூலையில் இருந்த கையொப்பம்

“படம் வரைந்தால் சோறு கிடைக்குமா?” வாட்டர் கலர் பெட்டி கேட்கும் நமக்கு வீட்டில் கிடைக்கும் பதில் இதுதான். கோவில்பட்டியில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் நமக்கு வியப்பு!

சென்னை ஓவியப் பள்ளியில் பயின்ற சி. கொண்டையராஜு (1898–1976), நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை வரைபவராக நம் கரிசல் ஊருக்கு வந்தார். குழு கலைந்தது, அவர் தங்கிவிட்டார். மாதச் சம்பளம் கிடையாது. தேவி ஆர்ட் ஸ்டுடியோவில் சுப்பையா, ராமலிங்கம் முதலிய சீடர்களோடு அவர் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் காலண்டர்களாகி ஊர் ஊராகச் சென்றன. மழையை நம்பிக் கம்பும் பருத்தியும் விதைத்த வீடுகளின் மண்சுவரிலும் தொங்கின.

காலண்டர் படம் கலையாகாது என்பாரும் உண்டு. ஒரே படத்தை ஆண்டு முழுவதும் அலுக்காமல் பார்க்க வைப்பது எளிதா? ஓவியக் கண்காட்சிக்குப் போக நம் பாட்டிமார்க்கு வசதிதான் ஏது?

குறை நம்மிடமும் உண்டு. டிசம்பர் முடிந்ததும் படத்தைக் கிழித்துப் புத்தகத்துக்கு அட்டை போட்டோம். மூலையில் சிறிதாக இருந்த கையொப்பத்தைப் படித்ததேயில்லை.

பெற்றோர்களே, பரணில் பழைய காலண்டர் இருந்தால் ஓவிய வகுப்புக்குக் கொடுத்தனுப்புங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.