மூடிய சிப்பியும் புதிய திறன்பேசியும்

தூத்துக்குடியில் 1961 வரை நடைபெற்ற முத்துக்குளிப்பில் சிப்பிகளைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விட்டனர். உள்ளிருப்பது வாங்கியவரின் நல்லூழ். திறன்பேசி வாங்குவோர்க்கு அவ்விருள் இல்லை. ஆயினும், விலை எதிர்பார்த்ததினும் ஏறியிருக்கக் கண்டதும், மலிவானதொன்றை எடுத்துத் திரும்புவோரே பலர். 2020 ஏப்ரலில் சரக்கு மற்றும் சேவை வரி 12 விழுக்காட்டிலிருந்து 18 ஆக உயர்ந்தபோது, வரிக்கு முன் 10,000 ரூபாய் விலையுள்ள கருவிக்கு 600 ரூபாய் கூடிற்று. அதனை நொந்துகொள்வதினும், பாதுகாப்பு மென்பொருள் எத்தனை ஆண்டு புதுப்பிக்கப்படும் என வினவுதலே தக்கது. இரண்டாண்டே புதுப்பிக்கப்படும் கருவி 12,000 ரூபாய் எனின் ஆண்டுக்கு 6,000. ஐந்தாண்டுக்குரியது 20,000 எனின் 4,000 மட்டுமே. கடலோரத்தார் மற்றொன்றும் அறிதல் வேண்டும்: நீர்புகாத் தரச்சோதனை நன்னீரில் நடப்பது, உப்புநீருக்கு அது உறுதி தாராது. படகில் கொண்டுசெல்வோர் வாங்கும் பணத்தில் நீர்புகா உறைக்கும் ஒரு பங்கு ஒதுக்குவாராக.